அறுபது மைலும் ஒரு மொழிபெயர்ப்பும்

2019 ஜூனில் ஒருநாள் ராத்திரி பெரியம்மா மகள் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். அக்கா சான் ஹோசேயில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. நவம்பரில் சான் டியாகோ நகரத்தில் மூன்று நாளில் 60 மைல் நடக்கப் போகிறாள். மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக சூசன் ஜி. கோமென் அமைப்பு நடத்துகிற நடை. நடக்க வருகிற ஒவ்வொருவரும் குறைந்தது 2,300 டாலர் திரட்டியாகணும், குறைந்தால் கைக்காசு போட்டு நிரப்பணும். அதற்காக உறவுக்காரர்களுக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதின கடிதம் அது. 'நீதானே தமிழ் எம்.ஏ., இதத் தமிழ்ல போட்டுக் குடு. மாமா, சித்தியெல்லாம் இருக்கிற குரூப்ல போடணும்' என்று கீழே ஒரு வரி. ஒன்றரைப் பக்கம்தான். அரைமணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆனது.

முதல் தடை நோயின் பெயர். 'மார்பகம்' என்பது பாடப்புத்தகமும் சுகாதாரத்துறைத் தட்டியும் உண்டாக்கின சொல். எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'முலை' சங்கக் கவிதையிலிருந்து இன்றுவரை இருக்கிற சொல். ஆனால் 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு அதைத் தலைப்பாக வைத்தபோது இங்கே என்ன கூச்சல் எழுந்தது என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. ஆண்புலவர்கள் ஆயிரத்தைநூறு வருஷம் பாடின ஒரு உறுப்பை அந்த உறுப்பை உடையவள் பெயர்சொல்லி அழைத்தால் ஆபாசம். சரி, இலக்கியத்தை விடுவோம். பெரியம்மா என்ன சொன்னாள்? 'நெஞ்சுக்கிட்ட' என்றாள். 'நெஞ்சுக்கிட்ட ஒரு கட்டி மாதிரி.' நெஞ்சில் அல்ல, நெஞ்சுக்குப் பக்கத்தில். எங்கோ பக்கத்து வீட்டில் இருக்கிற மாதிரி. எந்த மொழிபெயர்ப்புக் கோட்பாடும் எனக்கு அந்த 'கிட்ட'வுக்கு வழி சொல்லித்தரவில்லை.

அடுத்த தடை அந்தக் கடிதத்தின் வினைச்சொற்கள். என் அம்மா இந்த நோயோடு வீரமாகப் போராடினாள், கடைசிவரை சிரித்த முகத்தோடு இருந்தாள், அவளுக்காக நான் நடக்கிறேன், இந்த யுத்தத்தில் நாம் ஜெயிப்போம் என்று அக்கா எழுதியிருந்தாள். அமைப்பு தருகிற கையேட்டில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. அக்காவுடையது அதில் ஒன்றை ஒட்டிப் போட்டதுதான். அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. நாம் இரங்கல் கடிதம் எழுதுகிறபோதும் ஏற்கனவே இருக்கிற அச்சில்தான் வார்க்கிறோம். பிரச்னை வேறு. பெரியம்மா போராடவில்லை. 2003இல் கட்டி தட்டுப்பட்டதும் எட்டு மாசம் யாருக்கும் சொல்லாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள். முதலில் பார்த்த டாக்டர் சூட்டுக்கட்டி என்று மூன்று மாசம் மாத்திரை கொடுத்தார். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. அக்கா அப்போது அமெரிக்கா போய் இரண்டு வருஷம், வேலையும் விசாவும் எந்த நேரமும் போகலாம் என்கிற நிலை, வர முடியவில்லை. பெரியப்பா மில்லுக்குப் போகணும். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த நான்தான் கூடப் போனவள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு இருபது ரூபாய் ஏன் தரணும் என்று நடப்பாள். ஊசி போட்டுத் திரும்பும்போதும் நடப்பாள். நடுவில் ஒரு வேப்பமரத்தடியில் வாந்தி எடுப்பாள், என் பாட்டிலில் வாய் கொப்பளித்துவிட்டு, 'வா, பஸ்ஸு போயிரும்' என்பாள். சிரித்த முகமும் இல்லை, அழுத முகமும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கிற முகம்.

இதை எங்கே கொண்டுபோய் 'யுத்தம்' என்ற சொல்லுக்குள் அடைப்பது? சூசன் சொன்டாக் 1978லேயே நோய் என்கிற உருவகத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார், தானும் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவராக. ராணுவ மொழி நோயாளியை என்ன செய்கிறது என்று அப்போதே கேட்டாயிற்று. நாற்பது வருஷம் கழித்தும் அந்த மொழி அப்படியே இருக்கிறது, இளஞ்சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு. 'சர்வைவர்' என்கிற சொல்லுக்கும் இதே கதிதான். 'உயிர் பிழைத்தவர்' என்று போட்டுப் பார்த்தேன். தமிழில் பிழைத்தல் என்றால் தப்பித்தலும்தான், தவறு செய்தலும்தான். அது தற்செயல். ஆனால் பிழைத்தவருக்கு விழா எடுக்கிற மொழியில் பிழைக்காதவர் எங்கே நிற்பார்? சரியாகப் போராடாதவராகவா? பார்பரா எரன்ரைக் தனக்கே அந்த நோய் வந்தபின் 2001இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதின கட்டுரையில் இந்தக் கோபம்தான். டெடி பொம்மையும் பிங்க் ரிப்பனும் கொடுத்து உற்சாகமாக இரு என்று சொல்கிற ஒரு மதம், இறந்துபோனவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் கீழே தள்ளுகிறது என்றார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். நுகர்வுக் கலாச்சாரம், தர்மச் சந்தை, உடலின் மீதான சொல்லாடல் என்று நாலு வார்த்தை போட்டு முடித்திருப்பேன். அப்படி முடிக்க விடாதது அந்தக் கட்டோடு அக்கா அனுப்பியிருந்த இன்னொரு தாள்: நடைப்பயிற்சி அட்டவணை.

இருபத்து நாலு வாரம். திங்கள் ஓய்வு. வாரநாள்களில் மூன்று மைல், நாலு மைல். சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட நடை. ஒரே நாளில் மொத்தமாக நடந்து பழகினால் ஆகாது. முதல்நாள் களைப்பு காலில் இருக்கும்போதே மறுநாள் எழுந்து நடக்கிற பழக்கம்தான் வேணும், ஏனென்றால் நவம்பரில் அப்படித்தான் மூன்று நாள் நடக்கப் போகிறார்கள். வாரத்துக்கு வாரம் தூரம் ஏறி, கடைசிக் கட்டத்தில் சனிக்கிழமை 18 மைல், ஞாயிறு 15 மைல் வரை போகும். பிறகு இறங்கும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கணும். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடணும். பருத்தி சாக்ஸ் கூடாது, வேர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலை உரிக்கும். பாதி நாளில் சாக்ஸ் மாற்றணும். நகத்தை ஒட்ட வெட்டணும், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். தோல் சூடேறுகிற இடத்தில், கொப்புளம் வருவதற்கு முன்பே, மெத்துத்துணி ஒட்டணும். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆளையே சாய்க்கும், உப்பும் சேர்த்து எடுக்கணும்.

நான் இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கட்டு முழுவதிலும் உருவகமே இல்லாத பகுதி இதுதான். கடிதத்தில் உடல் ஒரு போர்க்களம். அட்டவணையில் உடல் உடலாகவே இருக்கிறது: வீங்கும், உரியும், உப்பு கேட்கும். பெரியம்மாவின் உடம்பைப் பற்றி யாராவது அவளிடம் இப்படிப் பேசியிருந்தால்! ஊசி போட்ட கையில் என்ன நடக்கும், அக்குளில் நெரிகட்டிகளை எடுத்தபின் கை ஏன் வீங்குகிறது, எந்தக் கையில் ரத்தம் எடுக்கக்கூடாது என்று ஒரு தாள். இல்லை. எல்லாம் நானே பிற்பாடு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஒரு ஆரோக்கியமான பெண்ணின் கால்நகத்துக்கு இவ்வளவு நுணுக்கமான மொழி இருக்கிறது, நோயாளியின் கைக்கு இல்லை என்று கசப்பாகவும் இருந்தது. ஆனால் அந்தக் கசப்பு அட்டவணையை எழுதினவர் மீது வரவேண்டியதில்லை.

அக்கா சனிக்கிழமை காலை அங்கே லாஸ் காடோஸ் ஓடைக்கரைப் பாதையில் நடக்கும்போது எனக்கு இங்கே ராத்திரி ஏழரை மணி. நடந்துகொண்டே போன் பண்ணுவாள். கூட மூன்று பெண்கள். ஒருத்திக்கு ஆபரேஷன் ஆன பக்கக் கை வீங்கியிருக்கும், இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு நடப்பாள். இன்னொருத்திக்கு நோய் எலும்புக்குப் போய்விட்டது, அவள் இரண்டு மைலோடு திரும்பிவிடுவாள், நவம்பருக்கு வரமாட்டாள். 'அந்தச் சட்டைல எனக்கு என்ன பேரு போடுவாங்க?' என்று அவள் சிரித்தாளாம். ஏழாவது வாரமோ என்னவோ, மூச்சு வாங்க ஒரு ஏற்றத்தில் அக்கா திடீரென்று கேட்டாள்: 'அம்மா முதல்ல உங்கிட்ட எப்படிச் சொன்னா?' பதினஞ்சு வருஷத்தில் முதல் தடவை. முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். வேப்பமரத்தைச் சொன்னேன். எட்டு மாசத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் காலடிச் சத்தம் மட்டும் ஒரு மைல் தூரத்துக்கு.

ஆகவே நான் கேட்க விரும்புவது நடை நல்லதா கெட்டதா என்பதல்ல. யாரைப் பார்த்து நடக்கிறார்கள்?

நம்ம ஊரில் பழனிக்கு நடக்கிறவனுக்கு முன்னால் முருகன் இருக்கிறான். சிலர் மடிப்பிச்சை எடுத்து அந்தக் காசோடு போவார்கள். தொகை முக்கியமில்லை, கை நீட்டிக் கூச்சம் கழிவதுதான் நேர்த்திக்கடன். (அக்காவின் கடிதத்துக்கு 'நிதி திரட்டல்' என்பதைவிட 'மடிப்பிச்சை' பொருத்தமான தலைப்பு. அவளிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டாள்.) 1930இல் தண்டிக்கு நடந்தவர்களுக்கு முன்னால் உப்பு இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு அரசு இருந்தது. நம் ஊர்வலங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலாவது இருக்கிறது. சான் டியாகோ நடை டெல் மாரில் புறப்பட்டு, டோரி பைன்ஸ் மேட்டில் ஏறி, லா ஹோயா கடற்கரை வழியே, இளஞ்சிவப்புக் கூடாரங்களில் ராத்தங்கிப் போகிறது. முடிவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் பதில் சொல்லவேண்டியவர் யாரும் இல்லை.

இது இயல்பாக நேர்ந்ததல்ல. அதே அமெரிக்காவில் 1991இல் மார்பகப் புற்றுநோய் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு தேசியக் கூட்டணி அமைத்தன. முதல் வேலையே கடிதம் எழுதுவது. 1,75,000 கடிதங்கள் என்று இலக்கு வைத்தார்கள், 6 லட்சம் போனது. யாருக்கு? மாமாவுக்கும் சித்திக்கும் அல்ல, ஜனாதிபதிக்கும் காங்கிரசுக்கும். மறுவருஷம் பாதுகாப்புத்துறை வரவுசெலவிலிருந்து 21 கோடி டாலர் மார்பகப் புற்று ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. அதே சமயம் கலிபோர்னியாவில் ஷார்லட் ஹேலி என்கிற பெண் பீச் பழ நிறத்தில் நாடாக்களைக் கையால் தைத்து விநியோகித்தார். கூடவே ஒரு அட்டை: தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய் வராமல் தடுப்பதற்கு 5 சதவீதம்தான், சட்டமன்றக்காரர்களை எழுப்புங்கள். ஒரு பெண்கள் பத்திரிகை அந்த நாடாவைக் கேட்டது. வியாபாரமாக்குகிறீர்கள் என்று அவர் மறுத்தார். பத்திரிகை வக்கீலைக் கேட்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. 1992இல் பிங்க் ரிப்பன் பிறந்த கதை இது. நிறம் மாறியது பெரிதில்லை, அட்டை காணாமல் போனதுதான் விஷயம். 1998இல் அவான் அழகுசாதனக் கம்பெனி தென் கலிபோர்னியாவில் முதல் மூன்றுநாள் நடையை நடத்தியபோது கடிதத்தின் முகவரி முழுசாக மாறிவிட்டது. அரசிடம் கேட்கவேண்டியதைத் தங்கையிடம் கேட்பது. தங்கை தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அரசு சொல்லும், சொன்னால் சண்டை போடலாம்.

ஆட்ரி லார்ட் என்கிற கருப்பினக் கவிஞர் 1978இல் ஒரு மார்பை இழந்தவர். பொய்மார்பு வைத்துக்கொள்ள மறுத்து டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸ் நீங்கள் இப்படி வந்தால் இந்த இடத்தின் மனநிலை கெட்டுப்போகும் என்கிறமாதிரிச் சொன்னாராம். பொய்மார்பு எங்களை ஒருவருக்கொருவர் தெரியாதபடி ஒளித்துவைக்கிறது என்பது லார்டின் வாதம். 1980இல் வெளிவந்த அவருடைய புற்றுநோய்க் குறிப்புகளில் ஒரு கற்பனை வருகிறது: ஒற்றை மார்புப் பெண்களின் படை ஒன்று காங்கிரசுக்குள் இறங்கி, மாட்டுத் தீவனத்தில் போடுகிற புற்று உண்டாக்கும் ஹார்மோன்களைத் தடைசெய் என்று கேட்டால் என்ன ஆகும்? அதுவும் ஒரு நடைதான். அதற்குப் பயிற்சி அட்டவணை யாரும் போடவில்லை. தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் கண்ணகி ஞாபகம் வராமல் இருக்காது. அவள் முதலில் அரண்மனை வாசலுக்குப் போனாள், மார்பைத் திருகி எறிந்தது அப்புறம். ஆனால் நாம் பத்தினியைக் கடற்கரையில் சிலையாக வைத்து அந்த வாசலை மறந்தவர்கள். ஆகையால் அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி நமக்குக் குறைவு.

எனக்கு எதிராக நானே ஒன்று சொல்லியாகணும். ஹெர்செப்டின் என்கிற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவகை மார்பகப் புற்றில் அது பெரிய மாற்றம். அதை உருவாக்கின டென்னிஸ் ஸ்லேமனின் ஆராய்ச்சி லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் கைகொடுத்தது ரெவ்லான் என்கிற உதட்டுச்சாயக் கம்பெனியின் பணம். உதட்டுச்சாயப் பணத்தில் வந்த மருந்து வேண்டாம் என்று எந்த நோயாளியும் சொல்ல மாட்டாள், பெரியம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள். இதை ஒதுக்கிவிட்டு 'எல்லாம் சந்தை' என்று எழுதுவது நேர்மையில்லை. ஆனால் அதே மருந்தின் கதையில் இன்னொரு ஊர்வலமும் இருக்கிறது. சோதனையில் இருந்தபோது சாகக்கிடந்த பெண்களுக்கு அதைத் தர ஜெனன்டெக் கம்பெனி மறுத்தது. கேட்டுக் கிடைக்காமல் செத்துப்போன ஒருத்தியின் பெயரால் 1994 டிசம்பரில் பெண்கள் அந்தக் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே கார்களில் ஊர்வலம் போனார்கள். பிறகுதான் குலுக்கல் முறையில் கொஞ்சம் பேருக்காவது தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2012, 13இல் இதே மருந்தின் விலையை எதிர்த்து மருந்துரிமைக்காரர்கள் இயக்கம் நடத்தினார்கள். 2014இல் இந்தியக் கம்பெனி ஒன்றின் பதிலி மருந்து கடைக்கு வந்தது. பணம் மருந்தைக் கண்டுபிடிக்கிறது. அதை நோயாளியின் கைவரை கொண்டுவர யாராவது ஒரு வாசலில் நிற்கவேண்டியிருக்கிறது. பெரியம்மாவுக்கு 2003இல் அந்த மருந்து ஒரு பெயராகக்கூட வந்து சேரவில்லை.

நவம்பர் நடையின் கடைசிக் காட்சியைப் பற்றி அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நோயிலிருந்து மீண்டவர்கள் திடலுக்குள் வரும்போது நடந்து வந்த எல்லாரும் ஒரு காலின் ஷூவைக் கழற்றி உயரே தூக்கிப் பிடிப்பார்களாம், மரியாதையாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பைத் தூக்கிக் காட்டுவது நம்மிடம் வேறு. தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்கவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். ஒரு அடையாளம் கடல் தாண்டினால் என்ன ஆகும் என்று வகுப்பெடுக்க நல்ல உதாரணம். ஆனால் யோசித்தால் அந்த மொத்த விழாவிலும் அட்டவணையின் மொழியில் பேசுகிற ஒரே சைகை அதுதான். வீங்கின கால், தேய்ந்த அடி, வேர்வை. ரிப்பனைக் காட்டவில்லை, ஷூவைக் காட்டுகிறார்கள்.

பதினோராம் நாள் தமிழ்க் கடிதத்தை அனுப்பினேன். 'யுத்தம்' எடுத்துவிட்டேன். 'நெஞ்சுக்கிட்ட' வைத்தேன். எட்டு மாசம் மறைத்ததையும் மூன்று மாசம் சூட்டுக்கட்டி மாத்திரை தின்றதையும் இரண்டு வாக்கியத்தில் போட்டேன். அக்காவுக்குக் கோபம். 'நீ மொழிபெயர்க்கச் சொன்னா வேற கடிதம் எழுதியிருக்கே. இதப் படிச்சா எவன் பணம் குடுப்பான்?' என்றாள். நியாயம்தான், மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது. நான் மாற்றித் தருவதாகச் சொன்னேன். மூன்று வாரம் அவள் பதிலே எழுதவில்லை. அந்த ஏற்றத்துப் போன் பேச்சுக்குப் பிறகு ஒருநாள் பார்த்தால் நான் எழுதினபடியே, ஒரு எழுத்து மாற்றாமல், குரூப்பில் போட்டிருந்தாள். ஆங்கிலக் கடிதத்திலும் அந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்த்திருந்தாள்.

மாமா ஐயாயிரம் ரூபாய் போட்டார். போட்டுவிட்டு எனக்குத்தான் போன் பண்ணினார், அக்காவுக்கு அல்ல. 'எட்டு மாச விஷயம் எதுக்கும்மா? குரூப்ல கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளைங்க இருக்கு. வம்சத்துல இருக்குன்னு நாளைக்கு எவனாவது பேசுவான். அதை மட்டும் எடுத்திரச் சொல்லு.' சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அக்கா எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அட்டவணைப்படி பத்து மைல், இடது கால் பெருவிரல் நகம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது, ஷூவை மாற்றணும் என்றாள்.